ரோசென்தால் "2000" காபிக் குடுவைக்கு வாங்கிய மூடி உட்காரவில்லை, எங்கே தவறு?

பீங்கான்பிரியை கேட்கிறார்:

வணக்கம். ஜெர்மனியில் பழைய சாமான் சந்தையில் ரோசென்தால் என்ற பீங்கான் நிறுவனத்தின் "2000" காபி செட் ஒன்று வாங்கினேன். 6 கப், 6 சாசர், 6 சிறு தட்டு, பால் ஜாடி, சர்க்கரைக் கிண்ணம், பெரிய காபிக் குடுவை. வெள்ளை உடம்பில் சாம்பல் நிற இலைகள், விளிம்பில் மெல்லிய தங்கக் கோடு. குடுவைக்கு மட்டும் மூடி இல்லை. இணையத்தில் "2000, பவேரியா, காபிக் குடுவை மூடி" என்று போட்டிருந்த ஒரு வெள்ளை மூடியை வாங்கினேன். வைத்தால் ஆடுகிறது. குடுவையைச் சாய்த்தால் நழுவுகிறது. வெள்ளையும் கொஞ்சம் வேறாகத் தெரிகிறது.

இன்னும் மூன்று சந்தேகங்கள். ஒரு கப்பைத் தட்டினால் மற்றவை போல ஒலிக்கவில்லை. தட்டுகளில் பென்சிலால் கிறுக்கியதுபோல் சாம்பல் கோடுகள், சோப்புக்குப் போகவில்லை. கடைசியாக, இந்த வயதுப் பீங்கானில் நம் சாப்பாட்டைத் தைரியமாகப் பரிமாறலாமா?

மூடிக்கணக்கு:

"2000" என்ற எண்தான் உங்களைக் கவிழ்த்திருக்கிறது. 1954ஆம் ஆண்டில் இரண்டு "2000" வந்தன. ஒன்று, செல்ப் ஊரின் ரோசென்தாலுக்காக அமெரிக்க வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவியின் அலுவலகத்தில் ரிச்சர்ட் லாதமோடு சேர்ந்து உருவான "ஃபார்ம் 2000". மற்றது, அர்ஸ்பெர்க் நிறுவனத்துக்காக ஹைன்ரிஷ் லோஃபல்ஹார்ட் வடிவமைத்த "அர்ஸ்பெர்க் 2000". செல்பும் அர்ஸ்பெர்க்கும் பவேரியாவின் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. "பவேரியா" என்பது மாநிலத்தின் பெயர் மட்டுமே. அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகள் எத்தனையோ அதைத் தங்கள் முத்திரையில் போட்டன, ஆகவே அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

இரண்டையும் பிரித்தறிவது எளிது. ரோசென்தால் குடுவைக்கு இடுப்பு உண்டு. அடியில் அகன்று, மேலே போகப் போகக் குறுகி, கழுத்துக்குப் பக்கத்தில் இறுகி, வாயில் மறுபடி விரியும். உடுக்கையின் இடுப்பைக் கொஞ்சம் மேலே ஏற்றி வைத்தது போல. அர்ஸ்பெர்க் 2000இல் அந்த இறுக்கம் இல்லை, வளைவு எங்கும் முறியாமல் வழிந்து இறங்கும். மூடி தனியாகக் கிடைக்கும்போதும் இந்தக் குணம் அதன் விளிம்பில் தெரியும். குடுவையின் வாய் வெளியே விரிகிறதென்றால், அந்தக் கோட்டை அறுக்காமல் மேலே கொண்டுபோவதே அதற்கான மூடி. கண் மட்டத்தில் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். மூடியும் வாயும் சேரும் இடத்தில் கோடு மடிந்தால் அது வேறு வீட்டுப் பிள்ளை.

இப்போது அளவு. வெர்னியர் காலிப்பர் ஒன்று வாங்குங்கள், பிளாஸ்டிக்கில் இருந்தால் நல்லது, இரும்பு தங்கக் கோட்டைச் சுரண்டும். குடுவை வாயின் உள்விட்டத்தை மூக்கு–கைப்பிடி திசையில் ஒரு முறையும், அதற்குக் குறுக்கே ஒரு முறையும் அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருக்காது, ஏனென்றால் ஒரு பக்கம் கைப்பிடியின் எடை, மறுபக்கம் மூக்கு, சூளையில் உடம்பு இளகும் நேரத்தில் வாய் லேசாக நீள்வட்டமாகிவிடும். பிறகு மூடி உட்காரும் படியின் விட்டம், வாயின் வெளிவிட்டம். மூடியில் உள்ளே இறங்கும் வளையத்தின் விட்டம், அதன் உயரம், மூடியின் வெளிவிட்டம். மூடி வளையத்துக்கும் வாய்க்கும் நடுவே 1 முதல் 2 மி.மீ. இடைவெளி இருந்தால் சுகமாக உட்காரும். 3 மி.மீ. தாண்டினால் ஆடும். இடைவெளியே இல்லையென்றால் ஆவியில் இறுகிக்கொள்ளும், இழுக்கும்போது குமிழ் கையோடு வந்துவிடும் அபாயம் உண்டு.

சரியான மாதிரியின் மூடியே கூடச் சில சமயம் உட்கார மறுக்கும். கெட்டிப் பீங்கான் (உயர்ந்த சூட்டில் வெந்த, ரோசென்தால் போன்ற பீங்கான்) அச்சிலிருந்து சூளை முடிவதற்குள் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சுருங்குகிறது. 100 மி.மீ. அச்சு வளையம் 84க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அந்தச் சுருக்கத்தில் அரை சதவீத வேறுபாடு வந்தாலே அரை மி.மீ. போய்விடும். ஆகவே விற்பவரிடம் "இது 2000தானே?" என்று கேட்டுப் பயனில்லை. மூடியைக் கவிழ்த்து, வளையத்தின் குறுக்கே அளவுகோல் வைத்து, நேர் மேலிருந்து எடுத்த படம் கேளுங்கள். காபிக் குடுவை, தேநீர்க் குடுவை, சர்க்கரைக் கிண்ணம் மூன்றின் மூடியும் ஒரே குடும்ப முகத்தோடு இருக்கும், அளவு மட்டும் வேறு. பேசாமல் இருந்தால் சர்க்கரை மூடிதான் வந்து சேரும்.

வளையத்தில் ஒரு சிறு நாக்கு நீட்டிக்கொண்டிருந்தால், மூடியைச் சாய்த்து நாக்கை முதலில் வாய்க்குள் விட்டு, பிறகு மூடியை இறக்க வேண்டும். நாக்கு கைப்பிடிப் பக்கம் இருக்கட்டும். ஊற்றும்போது மூடியின் பின்பக்கம்தான் மேலே எழும், நாக்கு அங்கே இருந்தால்தான் வாயின் அடியில் மாட்டிப் பிடிக்கும். மூக்குப் பக்கம் வைத்துவிட்டு "மூடி விழுகிறது" என்று சொல்பவர்கள் நிறைய.

வெள்ளை வேறாகத் தெரிவதற்கும் காரணம் உண்டு. மண்ணில் இருக்கும் துளி இரும்பு, சூளையில் ஆக்சிஜன் குறைவாக இருந்தால் நீலம் தோய்ந்த வெள்ளை தரும், நிறைய இருந்தால் தந்த மஞ்சள் தரும். ஒரே ஆலையிலேயே காலத்துக்குக் காலம் மாறும். மஞ்சள் பல்பின் கீழ் பார்க்காதீர்கள், பகலில் வடக்கு ஜன்னல் ஓரம் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

சூளைச்சத்தம்:

மூடியைப் பற்றி அண்ணன் சொன்ன பிறகு சேர்க்க ஒன்றுமில்லை. ஒலிக்காத கப்புக்கு வருகிறேன், அதில் அவசரப்படாதீர்கள்.

கப்பை விரல் நுனிகள் மூன்றின் மேல், அடி வளையத்தில் தாங்கி நிறுத்துங்கள். உள்ளங்கை படக்கூடாது, கைப்பிடியையும் பிடிக்கக்கூடாது. பிடித்தால் நல்ல கப்பும் ஊமையாகிவிடும். மரக்குச்சியால் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே தட்டுங்கள். முழுக் கப் "ணங்" என்று சொல்லிக் கொஞ்சம் இழுக்கும். விரிசல் விட்டது "டொக்" என்று நின்றுவிடும், அல்லது ஒலியின் அடியில் ஒரு கரகரப்பு கேட்கும். கைப்பிடிக்கு நேராக, எதிரே, பிறகு இரு பக்கமும் என்று நான்கு இடங்களில் தட்டுங்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் கரகரத்தால் விரிசல் அங்கேதான்.

பிறகு அறையை இருட்டாக்கிக் கைப்பேசி டார்ச்சைக் கப்புக்குள் விடுங்கள். கெட்டிப் பீங்கான் ஒளியை விடும், கப் முழுக்கப் பால்போல ஒளிரும். அந்த ஒளியில் முடி அளவு கறுப்புக் கோடு தெரிந்தால் அது அழுக்கு இறங்கிய விரிசல். கைப்பிடி ஒட்டிய இடத்தையும் அடி வளையத்தின் உள் மூலையையும் முதலில் பாருங்கள், பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும்.

எல்லாக் கோடும் விரிசல் அல்ல. நகத்தை ஓட்டிப் பாருங்கள். ஓரங்கள் உருண்டு, கோட்டுக்குள்ளேயே மெருகு (பீங்கானின் மேல் உருகிப் படிந்த கண்ணாடிப் பூச்சு) நிரம்பியிருந்தால் அது மெருகு போடும் முன்பே விழுந்த சூளைக் கோடு. அநேகமாக அது வளராது. ஓரம் கூராக இருந்தாலோ, நகத்துக்குத் தட்டுப்படாமல் கண்ணுக்கு மட்டும் தெரிந்தாலோ அது பிற்பாடு வந்தது. கொதிக்கும் காபியும் குளிர்ந்த பாலும் மாறி மாறிப் பட்டால் ஒரு நாள் கப் இரண்டாகும்.

"வயதாகிவிட்டதால் மெருகில் வலை வலையாக வெடிப்பு" என்று யாராவது சொன்னால் அங்கே நின்று யோசியுங்கள். ரோசென்தால் போன்ற கெட்டிப் பீங்கானில் உடம்பும் மெருகும் 1400 டிகிரியை ஒட்டி ஒன்றாக வெந்தவை, உடம்பு தண்ணீர் குடிக்காது. அதனால் வலை வெடிப்பு மிக அபூர்வம். அது ஈரம் உறிஞ்சி ஊதும் மண்பாண்ட உடம்பின் நோய். அதே காலத்து அழகான ஆங்கிலேயச் செட்டுகளில், உதாரணமாக மிட்விண்டரின் ஐம்பதுகள் காலத் தட்டுகளில், அதைப் பார்க்கலாம். அவை பீங்கான் அல்ல, எர்த்தன்வேர் என்ற மண்பாண்டம். டார்ச் வைத்தால் ஒளி விடாது.

ரிப்பேர் செய்து மறைத்த சில்லுக்கு 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் போதும். பசையும் மேல்பூச்சும் பக்கத்திலுள்ள மெருகிலிருந்து தனித்து வேறு நிறத்தில் ஒளிரும். டார்ச் இல்லையென்றால் ஒரு குண்டூசி நுனியை மெதுவாக இழுங்கள். மெருகின் மேல் வழுக்கும், பூச்சின் மேல் சிக்கும். மூக்கின் நுனி, குமிழ், கப்பின் காது இந்த மூன்றையும் விடாமல் பாருங்கள்.

முத்திரையையும் ஒரு முறை கவனியுங்கள். அதன் குறுக்கே சக்கரத்தால் கீறிய கோடு இருந்தால் ஆலையே இரண்டாம் தரம் என்று ஒதுக்கியது. குடிக்க அதனால் ஒரு குறையும் இல்லை, விலை மட்டும் அதற்கேற்ப இருக்க வேண்டும்.

பீங்கான்பிரியை:

இருவருக்கும் நன்றி. அளந்துவிட்டேன். குடுவை வாய் 72.5 மற்றும் 71.5 மி.மீ., மூடி வளையம் 66. மூடியின் வளைவு வழுவழுவென்று இறங்குகிறது, வாயோடு சேரும் இடத்தில் மடிப்பு தெளிவாகத் தெரிகிறது. ஆக அர்ஸ்பெர்க் என்றே நினைக்கிறேன். கப் கைப்பிடிக்கு நேராக மட்டும் கரகரக்கிறது, டார்ச்சில் 1 செ.மீ. கறுப்புக் கோடு. அதை வெளுக்க வைக்கலாமா? தட்டின் சாம்பல் கோடுகளுக்கு என்ன செய்வது?

வெண்கோப்பை:

யாழ்ப்பாணத்தில் தட்டையே பீங்கான் என்றுதான் சொல்லுவோம், எனவே தட்டைப் பற்றி நான் கதைக்கிறேன்.

அந்தச் சாம்பல் கோடு கீறல் இல்லை. கத்தி, முள்ளுக்கரண்டியின் உலோகம்தான் தட்டில் ஒட்டிக்கிடக்கு. கெட்டிப் பீங்கானின் மெருகு சாதாரண மேசைக் கத்தியின் உருக்கை விடக் கடினம். கத்தி தட்டைக் கீறவில்லை, தட்டுத்தான் கத்தியைத் தேய்த்து எடுத்திருக்கு. அதனால் சோப்புக்குப் போகாது, அமிலத்துக்குப் போகும். எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், 1 மேசைக்கரண்டியைக் கால் லிட்டர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்து, பஞ்சில் நனைத்துக் கோட்டின் மேல் 15 நிமிடம் விடுங்கோ. பிறகு மென்மையான துணியால் தேயுங்கோ. அதுக்கும் போகாவிட்டால் கண்ணாடி அடுப்புத் துடைக்கிற கிரீம், அல்லது ஆக்சாலிக் அமிலம் சேர்ந்த துப்புரவுத் தூள். தூளைத் தண்ணீரில் குழைத்து, கையுறை போட்டு, 1 நிமிடத்துக்கு மேல் வைக்காமல் கழுவிப்போடுங்கோ.

இதெல்லாம் தட்டின் நடுவிலே, வெறும் வெள்ளையில் மட்டும். இலைப் படத்துக்கும் தங்கக் கோட்டுக்கும் கிட்டப் போகவேண்டாம். படம் மெருகுக்கு மேலே ஒட்டி, 800 டிகிரி அளவில் திரும்பச் சுட்டது. தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் இலையின் விளிம்பு மெல்லிசாக எழும்பி நிற்கும், அந்த இடத்தில் பளபளப்பும் மாறும். எழும்பி நின்றால் மேல்படம், தேய்த்தால் போகும். தங்கம் அதைவிட மெல்லிசு. உராய்கிற கிரீம் நாலு தரம் பட்டால் விளிம்பு வெறும் வெள்ளையாகும்.

பாத்திரம் கழுவும் மெசினை மறந்துபோடுங்கோ. 65 டிகிரிச் சூடும் காரமான தூளும் மேல்படத்தின் பளபளப்பை உண்ணும், பிறகு நிறம் போகும். போன நிறம் திரும்பாது. பிளாஸ்டிக் பேசினில் அடியில் துவாய் விரித்து, ஒவ்வொன்றாக, சாதாரண சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும். மோதிரம், காப்பு கழற்றிவிட்டுக் கழுவுங்கோ. தங்கக் கோடு இருப்பதால் மைக்ரோவேவும் கூடாது, பொறி பறக்கும்.

கப்பில் தேத்தண்ணிக் கறை இருந்தால் சோடியம் பர்கார்பனேட், 1 லிட்டர் 50 டிகிரித் தண்ணீருக்கு 1 மேசைக்கரண்டி, உள்ளே மட்டும் ஊற்றி அரை மணித்தியாலம்.

விரிசல் கோட்டை 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைட்டில் நனைத்த பஞ்சால் மூடி, பிளாஸ்டிக்கில் சுற்றி ஒரு நாள் வைத்தால் வெளுக்கும். வெளுத்தது கறைதான், விரிசல் அப்படியேதான். குளோரின் வெளுப்பான் வகையறா வேண்டவே வேண்டாம். உப்பு விரிசலுக்குள் இறங்கி, காயும்போது படிகமாகி, மெருகைத் தள்ளி உடைக்கும். வெளுத்த கப்பை விற்கும்போது விரிசலைச் சொல்லி விற்கவேணும், சொல்லாமல் விற்பது ஏமாற்று.

ஈயம்_கவனம்:

சாப்பாட்டுக் கேள்விக்கு நேரடியான பதில்: வெறும் வெள்ளைப் பகுதியில் கவலையில்லை, படம் இருக்கும் பகுதியில் புளிப்பு வேண்டாம்.

1400 டிகிரியில் உருகும் ஃபெல்ட்ஸ்பார் கனிம மெருகுக்கு ஈயம் தேவையில்லை. ஈயம் வருவது மேல்படத்தில். 800 டிகிரியில் உருகிப் பிடிக்க அந்தக் காலத்து வண்ணங்களில் ஈயக் கண்ணாடியைச் சேர்த்தார்கள். பளிச்சென்ற சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சளில் காட்மியமும் இருக்கும். ஐரோப்பாவில் பாத்திரங்களிலிருந்து ஈயம், காட்மியம் இறங்கும் அளவுக்குப் பொது வரம்பு வந்தது 1984இல். 4 சதவீத அசெட்டிக் அமிலத்தை 22 டிகிரியில் 24 மணி நேரம் விட்டு அளப்பது முறை. சாதாரணக் குழிப் பாத்திரத்துக்கு ஈயம் லிட்டருக்கு 4 மி.கி., காட்மியம் 0.3 மி.கி. உங்கள் செட் அதற்கு முந்தைய காலத்தது.

சோதனையின் சேர்மானத்தைக் கவனித்தீர்களா? புளிப்பும் நேரமும். ரசம், புளிக்குழம்பு, எலுமிச்சை ஊறுகாய், தயிர் நான்கும் புளிப்பு. ஊறுகாயைக் கிண்ணத்தில் போட்டு அலமாரியில் வைத்தால் நேரமும் சேர்ந்துவிடுகிறது. ஆகவே இந்தச் செட்டில் காபி, கேக், முறுக்கு, பிஸ்கட் பரிமாறுங்கள். கப்பில் படம் வெளிப்பக்கம் மட்டும் இருந்து, உதடு படும் 2 செ.மீ. வெள்ளையாக இருந்தால் நிம்மதி. சாம்பல் இலை தட்டின் ஓரத்தில்தான் என்றால் நடுவில் இட்லி வைப்பதில் தடையில்லை, சாம்பார் மட்டும் தனிக் கிண்ணத்தில்.

கடையில் கிடைக்கும் ஈயச் சோதனைக் குச்சி சிவந்தால் ஈயம் உண்டு. சிவக்காவிட்டால் "இல்லை" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்த நிமிடத்தில் மேற்பரப்பில் அகப்படவில்லை, அவ்வளவுதான். சிவப்புப் படத்தின் மேல் தேய்த்தால் படத்தின் சாயமே குழப்பும்.

சமையல் மஞ்சள் தூளின் கறைக்குப் பயப்பட வேண்டாம், மெருகில் பிடிக்காது. மெருகில்லாத அடி வளையத்திலும் விரிசலிலும்தான் ஏறும்.

மூடிக்கணக்கு:

அளவு கொடுத்ததற்கு நன்றி. 66 வளையம் 71.5 வாய்க்குள் ஆடாமல் எப்படி இருக்கும்! உங்களுக்கு வேண்டியது 69.5 முதல் 70.5 வரை.

தேடும்போது அந்தச் சாம்பல் இலையைத் துரத்தாதீர்கள். ஃபார்ம் 2000 எழுபதுகளின் பிற்பகுதி வரை நூற்றுக்கும் மேற்பட்ட அலங்காரங்களில் வந்தது. அதே இலை, அதே தங்கக் கோடு, அதே அளவு மூடிக்கு வருடக்கணக்கில் காத்திருக்க நேரும். வெறும் வெள்ளை மூடி, அல்லது தங்கக் கோடு மட்டும் உள்ள மூடி சீக்கிரம் கிடைக்கும், குடுவையின் வடிவமும் முழுமையாகிவிடும். உடுக்கை இடுப்புக்காகத்தான் இந்தச் செட், இலைக்காக அல்ல.

சூளைச்சத்தம்:

இதில் மட்டும் ஒத்துப்போக மாட்டேன். அலங்காரமும் யாரோ உட்கார்ந்து அந்த வடிவத்துக்கென்றே வரைந்தது. வெள்ளை மூடியைத் தற்காலிகமாக வையுங்கள், தேடலை நிறுத்தாதீர்கள். உடைந்த குடுவையின் மூடி தனியாக வரும், மூக்கு சில்லுப்போன குடுவையும் நல்ல மூடியோடு குறைந்த விலைக்கு வரும். "மூடி" என்று மட்டும் தேடாமல் "சேதமான குடுவை" என்றும் தேடுங்கள். நான் பார்த்த வரையில் பொருத்தமான மூடி இரண்டாவது வழியில்தான் அதிகம் கிடைக்கிறது.

பீங்கான்பிரியை:

அப்படியே தேடுகிறேன். விரிசல் கப்பைப் புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன். தட்டுகள் சிட்ரிக் ஆசிட்டிலேயே வெளுத்துவிட்டன! அர்ஸ்பெர்க் மூடியை ஒருவர் கேட்கிறார், எப்படிப் பொதிவது?

மூடிக்கணக்கு:

முதலில் குமிழைச் சுற்றிப் பஞ்சுத் தாளால் ஒரு வளையம் கட்டுங்கள், குமிழின் உயரத்துக்கு நிகராக, அப்போது அழுத்தம் குமிழின் மேல் விழாது. மூடியின் அடி வளையத்துக்குள் இருக்கும் குழியிலும் தாள் திணியுங்கள். குமிழிப் பிளாஸ்டிக் (பபிள் ராப்) இரண்டு சுற்று, குமிழிகள் வெளிப்பக்கம் பார்க்கட்டும், இல்லாவிட்டால் வெயில் பட்ட வண்டியில் வட்ட வட்டமாகத் தடம் விழும். அதைச் சிறு பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியை எல்லாப் பக்கமும் 5 செ.மீ. திணிப்போடு பெரிய பெட்டியில். பெட்டியை மூடி ஒட்டிய பிறகு குலுக்குங்கள், உள்ளே ஏதாவது நகரும் ஓசை கேட்டால் பிரித்து மறுபடி திணியுங்கள். வளையத்தின் விட்டம் 66 மி.மீ. என்று வாங்குபவருக்கு முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.